காரணம் சொல்லாமல் விடுப்பு எடுத்த எஸ்தர் அக்கா

புதன்கிழமை காலை, ராஜபாளையத்தில் எங்கள் அலுவலகத்தில் கணினிகளைப் போட்டு உட்கார்ந்த நேரத்தில் கூட வேலை பார்க்கும் முத்துமாரிக்குப் போன் வந்தது. எஸ்தர் அக்காவின் வீட்டுக்காரர் பேசினார். மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாளாகக் கண் திறக்காமல் கிடந்த அக்கா விடியற்காலையில் போய்விட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வேலைதான் கொன்றது என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. எழுதினால் அக்காவே சிரித்திருப்பார். அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். தினமும் பேருந்தில் வருவார். நாங்கள் வேலை பார்ப்பது பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி. வெளிநாட்டுக்காரர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவது அக்காவின் வேலை. அடுத்த மேஜை என்னுடையது. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அவரோடு அதே அறையில் உட்கார்ந்தவர்கள். மீதிப் பேர் அவருடைய தெருக்காரர்கள். அவர் குரல் எப்படி என்று யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு ஆகஸ்டு மாதமும் எங்கள் பெரிய வாடிக்கையாளரான ஜெர்மனிக்காரரிடமிருந்து தானியங்கி பதில் ஒன்று வரும். விடுப்பில் இருக்கிறேன், மூன்று வாரம் கழித்துத்தான் பார்ப்பேன் என்று. அதைப் படித்ததும் எங்கள் முதலாளி கோயிலுக்குள் நுழைந்தவரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "அவிய லீவுல இருக்காவ. நைநைன்னு மெயில் போட்டு தொந்தரவு பண்ணாதீங்க." அதே மனிதர், முத்துமாரி பிரசவமாகிப் பத்தாம் நாள் வீட்டில் படுத்திருந்தபோது ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போன் செய்தவர். அக்கா ஒருநாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஜெர்மனிக்காரன் மலையேறப் போனா இங்க கம்பெனியே மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கி. நான் பல்லு புடுங்கப் போனா, வாயில பஞ்சு இருக்கும்போதே போன் அடிக்கி."

எங்கள் விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும். நாங்கள் பொய்தான் எழுதுவோம். எனக்கு மட்டும் இதுவரை ஏழெட்டுப் பெரியப்பாக்கள் இறந்திருக்கிறார்கள். போன வருடம் அக்கா நான்கு நாள் விடுப்பு கேட்டார். காரணம் எழுதவில்லை. முதலாளி கூப்பிட்டு விசாரித்தார்.

"உடம்புக்கு முடியலையா?"

"நல்லா இருக்கேன் சார்."

"வீட்ல விசேசமா?"

"ஒண்ணுமில்ல சார்."

"பொறவு எதுக்கு லீவு?"

"இருக்குதுல்ல சார், அதான் எடுக்கேன்."

முதலாளி முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அக்கா தன் மின்னஞ்சலில் தானியங்கி பதிலை அமைக்க உட்கார்ந்தார். எங்கள் அலுவலகத்தில் அதுவரை யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. ஆறு பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்தோம். விடுப்பு தொடங்கும் நாள், முடியும் நாள். அதன் கீழே இரண்டு பெட்டிகள். ஒன்று கம்பெனிக்குள் இருப்பவர்களுக்கு, இன்னொன்று வெளியே இருப்பவர்களுக்கு. உள்ளே இருப்பவர்களுக்கு அக்கா தமிழில் அடித்தார்: "விடுப்பில் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில் யாரும் சாகவில்லை. போன் அணைத்திருக்கும். திங்கட்கிழமை வருவேன்." முத்துமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வெளியாட்களுக்கு ஆங்கிலத்தில் அடிக்காமல், அதையே இரண்டாவது பெட்டியிலும் ஒட்டிவிட்டு அக்கா ஓடிவிட்டார். அவசரத்தில் நடந்த தவறு என்றுதான் கடைசிவரை சொன்னார். நான் நம்பவில்லை.

மறுநாள் ஜெர்மனிக்காரருக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர் கணினியில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, முதலாளிக்கும் நகல் வைத்துப் பதில் போட்டார்: யாரும் சாகவில்லை என்பதில் மகிழ்ச்சி, திங்கட்கிழமை பேசுவோம். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "கஸ்டமருக்குச் சாவுக் கத எழுதி அனுப்பிருக்கா. அந்தப் பதில நிறுத்தணும். போ, அவ மெயில் பாஸ்வேர்டோட வா. இல்லன்னா அவளுக்கு இங்க வேலையில்ல." ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னை அனுப்பினார்.

அக்கா தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் கால் நீட்டியிருந்தார்.

"என்னலே, லீவு நாள்ல வந்து நிக்க?"

"பாஸ்வேர்டு கேட்டாருக்கா. இல்லன்னா உங்களுக்கு வேலையில்லன்னு சொல்லுதாரு."

அக்காவின் பையனுக்குக் கல்லூரியில் இரண்டாம் வருடம். அந்த வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும்.

"ஜெர்மனிக்காரன் என்ன சொன்னான்?"

"திங்கக்கிழமை பேசிக்கிடுவோம்னுட்டான்."

"பொறவு யாருக்குலே அவசரம்?"

அக்கா ஜன்னலைக் காட்டினார். "கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து எம்புட்டு வருசமாச்சு. பகல் பதினோரு மணிக்கு இந்த வீட்ல வெயிலு எங்கன விழும்னு இன்னைக்குத்தான் பாக்கேன். பாஸ்வேர்டு தர மாட்டேன். நீ செத்த நேரம் ஃபேனுக்கு அடியில படுத்துட்டுப் போ. இப்பப் போனாலும் திட்டுவாரு, தூங்கி எந்திரிச்சுப் போனாலும் அதே திட்டுதான்."

தூங்கினேன். எழுந்து சாப்பிட்டேன். திரும்பி வந்து, அக்கா விடுப்பில் இருக்கிறார் என்று முதலாளியிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை அக்கா வந்தார். ஜெர்மனிக்காரர் அவரிடம்தான் பேசினார், ஆர்டரும் வந்தது. அதனால் வேலையை விட்டு அனுப்ப முதலாளிக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மாதம் அவருடைய மேஜையைத் துணிக் கிடங்குக்கு மாற்றினார். "இங்க காத்து நல்லா வருது" என்றார் அக்கா. அந்த மாதமே முத்துமாரி காரணம் எழுதாமல் விடுப்பு எடுத்தாள். அடுத்து நான்.

இந்தப் புதன்கிழமை, போன் வந்ததும் நாங்கள் எழுந்தோம். முதலாளி கதவருகே நின்றார்.

"எல்லாரும் போனா மெயில யாரு பாக்குறது? ரெண்டு பேரு போங்க. ஒனக்கு அவ என்ன சொந்தமா?"

"பக்கத்து டேபிள் சார்" என்றேன்.

முத்துமாரி உட்காரக்கூட இல்லை. நின்றபடியே தானியங்கி பதிலை அமைத்தாள். ஒவ்வொரு கணினியாக எல்லோரும் அமைத்துவிட்டு வெளியே வந்தோம். சாவு வீட்டுக்குப் போகும்போது இப்படி எழுதலாமா தெரியவில்லை, ஆனால் பேருந்தில் எங்களுக்கு உடம்பெல்லாம் பரபரப்பாக இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் பாடல் முடிகிற வரைக்கும் எங்களில் ஒருவருடைய போன்கூட அடிக்கவில்லை. எல்லாவற்றையும் அணைத்திருந்தோம்.

மறுநாள் போய்ப் பார்த்தோம். கம்பெனி இருந்த இடத்திலேயே இருந்தது. நீ இல்லாவிட்டால் வேறு ஆள், ஒன்றும் கவிழ்ந்துவிடாது என்று மிரட்டித்தான் முதலாளிகள் நம்மைக் குனிய வைக்கிறார்கள். எஸ்தர் அக்கா அதே உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கால் நீட்டி உட்கார்ந்தார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். யாருக்கும் திருப்பித் தருவதாக இல்லை.