இட்லித் தட்டு டார்ச்

என் வீட்டுக்காரர் கரீமுல்லா எதைச் செய்தாலும் அது கடைசியில் பாதி பைக்காகத்தான் வந்து நிற்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொன்னால் கிளட்ச் ஒயரை இழுத்துக் கட்டுவார். குழந்தைக்குத் தொட்டில் கட்டச் சொன்னதற்கு ஷாக் அப்சார்பர் மாட்டிய மனிதர். அதில் தூங்கிய என் மகள் கவுசர் இன்று காலேஜ் போகிறாள், ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. நிஷாத் பேகம் புருஷன் புராணம் பாடுகிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கென்ன.

போன கடலைப் பருவத்தில் ஒருநாள் தேவகி வந்தாள். கவுசர் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவளுடையது. அவள் பெற்றது ஷாலினி. இப்போது ஷாலினி இங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். தேவகியும் அவள் புருஷன் பரசுராமனும் கே.ஜி.கண்டிகையில் குத்தகை நிலத்தில் வேர்க்கடலை போட்டிருந்தார்கள்.

“பாதி கடலக் கொல்லைய காட்டுப்பன்னி தோண்டிடுச்சி நிஷாத்து. பட்டாசு போட்டா முன்ன ஓடும், இப்ப காதுலயே வாங்கறது இல்ல. இவரு கரண்டு கம்பி போடறேன்னு நிக்கறாரு. குச்சி நட்டு கம்பியும் இழுத்து வெச்சிட்டாரு. வெள்ளிக்கெழமைக்குள்ள வேற வழி பாரு, இல்லனா மோட்டார் ஷெட்ல இருந்து லைன் குடுத்துடுவேன்றாரு.”

பன்றி எது, மனுஷன் எது என்று கம்பிக்குத் தெரியுமா? ஆடு ஓட்டுகிறவன் யாராவது கால் வைத்தால் அவன் கதை முடிந்தது, பரசுராமன் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். கம்பி வேண்டாமென்றால் மிச்சக் கடலையும் பன்றிக்கு. அவர்களிடம் இருந்த டார்ச் அடுத்த வரப்பைக்கூடத் தாண்டவில்லை. பெரிய டார்ச்சுக்கு விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தாள்.

கரீமுல்லா கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வெள்ளிக்கெழம வரைக்கும் கம்பிய தொடக் கூடாதுன்னு சொல்லு தங்கச்சி. லைட்டு நான் தரேன்.” டீ போட்டுத் தருகிறேன் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

கடையில் ஒரு பெட்டி நிறைய எல்.இ.டி. விளக்குகள் கிடந்தன. பையன்கள் கண்ணைப் பறிக்கிற மாதிரி பைக்கில் மாட்டுவார்கள், போலீஸ் பிடித்ததும் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார்கள். அதில் நல்லதாக நாலு பொறுக்கினார். பழைய பைக் பேட்டரி ஒன்றை எடுத்தார். “வண்டிய செல்ஃப் ஸ்டார்ட் பண்றதுக்குதான் இதுக்குத் தெம்பு இல்ல. வெளக்கு எரிக்க இது ராஜா,” என்றார். நாலு விளக்கையும் ஒரு பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி எரியவிட்டார். பளீரென்று எரிந்தது. கொஞ்ச நேரத்தில் நாற்றம் வந்தது, குழாய் வாழைத்தண்டுபோல் வளைந்து தொங்கியது.

மறுநாள் காலையில் இட்லிக் குண்டானைத் திறந்தால் ஒரு தட்டைக் காணோம். எனக்குப் புரிந்துவிட்டது. நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

“இன்னாங்க இது? இனிமே எதுல இட்லி ஊத்தறது?”

“அலுமினியம் சூட்ட வாங்கி வெளிய வுட்டுடும் நிஷாத். குழி வெளிச்சத்த முன்னால தள்ளும். ஒயர் போறதுக்கு ஓட்டயும் கீது பாரு. இதுக்குன்னே செஞ்ச மாதிரி கீது.”

“இட்லிக்குன்னு செஞ்சதுங்க அது.”

அவர் காதில் விழவில்லை. பெட்ரோல் டேங்கைப் பளபளப்பாக்குகிற பாலிஷ் போட்டு ஒவ்வொரு குழியையும் தேய்த்துக்கொண்டிருந்தார். குழிக்கு ஒன்றாக நாலு விளக்கு. பிடிக்க ஒரு துண்டு ஹேண்டில்பார், அதில் சுவிட்ச்: டிம், பிரைட், ஹாரன்.

“ஆரன் எதுக்கு?”

“பட்டன் சொம்மா இருக்குதே.”

சொன்னேனே, எல்லாம் பைக்தான். கோபம் எல்லாம் அன்று பொழுது சாயும் வரைதான். மொட்டைமாடியில் நின்று எரியவிட்டபோது, தெருக்கோடித் தண்ணீர் டேங்க்கில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. போனால் போகிறது தட்டு என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து வந்தவரோடு நானும் கிளம்பினேன். கடலைக் கொல்லைக்குப் போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வரப்போரம் முழங்கால் உயரத்துக்கு மேல் இரண்டு வரிசைக் கம்பி, லைன் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. பரசுராமன் எங்கள் சாமானைப் பார்த்துச் சிரித்தார்.

“பாய், பன்னி வந்து சாம்பார் கேக்கப் போவுது.”

“மொதல்ல வரட்டும், ஊத்தலாம்,” என்றார் இவர். பேட்டரிப் பையைப் பரசுராமன் தோளில் மாட்டி, டார்ச்சையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

இருட்டியதும் கடலைச்செடி சரசரத்தது. பரசுராமன் பிரைட்டைத் தட்டினார். கொல்லை முழுக்க வெளுத்தது. ஒரு பெரிய பன்றி, பின்னால் குட்டிகள். ஓடவில்லை. தலையைத் தூக்கி எங்களையே பார்த்தன. அல்லாவே, மானம் போச்சு என்று நினைத்தேன். பரசுராமன் பதறி எதையோ அழுத்த, ஹாரன் அலறியது. அடுத்த நொடி பெரியது திரும்பிப் பாய்ந்தது, குட்டிகள் பின்னாலேயே ஓடின. ஓடையைத் தாண்டும்வரை வெளிச்சமும் ஹாரனும் விடாமல் துரத்தின. ஹாரன் எதுக்கு என்று கேட்டவள் நான்தான்.

“பாய், இனிமே இது போதும் பாய்,” என்று பரசுராமன் சின்னப்பிள்ளை மாதிரி டார்ச்சைச் சுழற்றினார். வெளிச்சம் வரப்போரம் போய் அப்படியே நின்றது.

அங்கே கடை வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஷாலினி. தோளில் கைப்பை, ஒரு கையில் செருப்பு. இன்னொரு கையால் கம்பியை அழுத்திப் பிடித்து, ஒரு காலை இந்தப் பக்கம் போட்டிருந்தாள்.

“லைட்ட தள்ளு நைனா, கண்ணு கூசுது.”

“நீ ரோட்டு வழியா இல்ல வருவ?” என்றார் பரசுராமன்.

“ரோட்டுல நாய்ங்க தொரத்துது. நான் தெனமும் இப்படிதான் வந்துகினு கீறேன். ஆமா, இன்னாத்துக்கு நைனா இங்க கம்பி? நேத்து இதுல மாட்டிதான் சுடிதார் கிழிஞ்சிச்சி.”

பரசுராமன் டார்ச்சைத் தேவகியிடம் கொடுத்துவிட்டுப் போய், முதல் குச்சியைப் பிடுங்கினார். கடைசிக் குச்சி வரும்வரை தேவகி அவர்மேல் இருந்து வெளிச்சத்தை எடுக்கவே இல்லை.