அண்ணி வளர்த்த கிருமிகள்

என் அண்ணி முப்பது வருடமாகக் கிருமிகளைக் கொன்று சம்பளம் வாங்குபவர். மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டரைச் சுத்தம் செய்யும் வேலை. வீட்டிலும் அதே கதைதான். டீயின் கடைசி வாய் நம் தொண்டையில் இறங்குவதற்குள் தம்ளரைப் பிடுங்கிக்கொண்டு கழுவப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் கிருமி வளர்க்கும்படி ஆகிவிட்டது.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. நாலு மாதமாக ஒரு சொல் இல்லை. பயிற்சி கொடுக்க வரும் பெண்ணுக்கு முகம் கொடுக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். இந்தச் சில மாதங்கள்தான் முக்கியம், அவராக ஆசைப்பட்டு முயன்றால்தான் பேச்சு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதே டாக்டரின் அறையில் இருந்த மீன்தொட்டியை மட்டும் அண்ணன் இடது கையால் சுட்டிக்காட்டினார். மறுநாளே அண்ணி ஒரு தொட்டி வாங்கிவந்து கட்டிலை ஒட்டி வைத்துவிட்டார்.

கடைக்காரர் தொட்டியைக் கொடுத்தாரே தவிர மீன் தரவில்லை. "புதுத் தண்ணில விட்டா செத்துரும்மா. மீனோட கழிவே அதுக்கு விஷம். அந்த விஷத்தைத் தின்னுற கிருமி ஃபில்டர் பஞ்சுல வளரணும். ஒரு மாசமாவது ஆகும். தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க, அது அழுகட்டும்."

"அழுகணுமா?" என்று அண்ணி இரண்டு தடவை கேட்டாராம்.

ஆனாலும் செய்தார். தினம் காலையில் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து கடைக்காரர் கொடுத்த சோதனை மருந்தைச் சொட்டவிடுவார். பச்சை என்றால் விஷம் இருக்கிறது, மஞ்சள் என்றால் இல்லை. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். அதைப் பார்க்க அண்ணன் சுவரை விட்டுத் திரும்ப ஆரம்பித்தார்.

"மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி போடுற ஆளை இப்பத்தான் பாக்கறேன் அண்ணி" என்று கிண்டல் செய்வேன். பச்சை நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு வந்தது.

இருபத்தைந்தாம் நாள் பஞ்சில் பழுப்பாக, வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. அண்ணிக்குக் கை சும்மா இருக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் அலசி, வெந்நீர் ஊற்றிப் பிழிந்து, புதுப் பஞ்சு மாதிரி ஆக்கிவிட்டார். கட்டிலில் அண்ணன் ஏதோ முனகினார். "இதோ வந்துட்டேன்" என்றார் அண்ணி, திரும்பாமலே.

இரண்டே நாளில் கண்ணாடிக் குழாய் கரும்பச்சையாக நின்றது. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வளந்ததையெல்லாம் கொன்னுட்டீங்களேம்மா. முதல்லேருந்து ஆரம்பிங்க."

அண்ணன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அண்ணி சமையலறையில் நின்று அழுதார். "ஒரு மாசத்தைக் கழுவி ஊத்திட்டேனே. வீணாக்க அவருக்கு ஏது ஒரு மாசம்?" என்றார்.

மறுபடி தீனி, மறுபடி சொட்டு மருந்து. இந்த முறை அண்ணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் தொட்டியைப் பார்ப்பார்.

ஐந்தாவது வாரம் ஒரு மதியம் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. அண்ணி வேலைக்குப் போயிருந்தார், அண்ணனுக்குத் துணையாக நான் இருந்தேன். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் கிருமியைக் கொன்றுவிடும், தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து லேசாக அலச வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் அவசரக்குடுக்கை. அடுப்பில் பால் வேறு. பஞ்சை உருவிக்கொண்டு அறை மூலையில் இருந்த வாஷ்பேசின் குழாயில் கை வைத்தேன்.

"வேணாம்."

திரும்பினேன். அண்ணன் இடது முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்திருந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

சாயங்காலம் அண்ணி செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். "எப்படிச் சொன்னார்? தெளிவாக் கேட்டுச்சா?" என்று மூன்று முறை கேட்டார். இத்தனை மாதம் காத்திருந்தவர் காதில் விழாமல் என் காதில் விழுந்துவிட்டதே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

அண்ணி தொட்டிக்குப் பக்கத்தில் போய், அண்ணனைப் பார்த்தபடியே பஞ்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"கழுவட்டுமா?"

அண்ணனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார், வரவில்லை. கடைசியில் இடது கையை நீட்டி அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அண்ணி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"சரி, கழுவல. நாளைக்கு எங்கிட்டயும் ஒரு தடவை சொல்லுங்க" என்றார்.