வெட்டி எறிந்த சுருள் வயர்

அந்தச் சுருள் வயரை நான் வெட்டியிருக்கக் கூடாது. வெட்டினேன். அதுவும் பெருமையோடு.

தாராவியில் பழைய டெலிபோன்களைச் சீர்செய்து விற்பது என் பிழைப்பு. பெரும்பாலும் ஹோட்டல்காரர்களும் சினிமா செட் போடுகிறவர்களும்தான் வாங்குவார்கள். எந்தக் காலத்து போனுக்கு எந்த வயர் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கனமான கறுப்பு டயல் போனுக்குத் துணி பின்னிய, நேரான பழுப்பு வயர்தான். பின்னாளில் வந்த பிளாஸ்டிக் சுருளை அதில் பார்த்தால், பட்டு வேட்டிக்குக் கீழே ரப்பர் செருப்பைப் பார்த்த மாதிரி எரிச்சல் வரும்.

செம்பூரிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். போனை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். மணி அடிக்கவில்லை, சரிசெய்து கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். வயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சுருள் ஒரு பக்கம் இழுபட்டுத் தொளதொளவென்று தொங்கியது. கெட்டுப்போன வயர் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

நாலு கடை ஏறி இறங்கி அசல் துணி வயரைத் தேடிப் பிடித்தேன். வெட்டிய சுருளைக் கழிவு வயர்களோடு கோணியில் போட்டேன். வாரம் ஒருமுறை பின்சந்துக்காரர் வந்து கோணியை எடுத்துப்போவார். எரித்துச் செம்பைப் பிரிப்பது அவர் வேலை.

அந்த அம்மா திரும்பி வந்ததும் மணியை அடித்துக் காட்டினேன். தலையாட்டினார். ரிசீவரை எடுத்தவர், பழைய வயர் எங்கே என்றார். அது பிற்காலத்து வயர், இந்த போனுக்கு இதுதான் பொருத்தம் என்று நான் பாடம் நடத்தினேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எம்பொண்ணு காலேஜ் படிக்கையில, எங்க காதுல விழக்கூடாதுன்னு ரிசீவரை பாத்ரூம் வரைக்கும் இழுத்துட்டுப் போயிருவா. இழுத்து இழுத்துத்தான் அது அப்படி ஆச்சு. போன மாசம் அவ தவறிட்டா தம்பி. அந்த வயரைக் குடுங்க."

முந்தாநாள்தான் கோணி போயிருந்தது. பின்சந்துக்கு ஓடினேன். அங்கே கரியும் செம்புக் கம்பியும்தான் கிடந்தன. திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். அதே மாதிரிச் சுருள் வேறு இருக்கிறது, இப்போதே மாட்டித் தருகிறேன் என்று உளறினேன்.

அந்த அம்மா திட்டவில்லை. ரிசீவரைக் கீழே வைத்தார்.

"அதையும் எரிச்சாச்சா?"

ஆமாம்மா என்றேன்.