மில் ஓடிய ஞாயிற்றுக்கிழமைகள்

“...எல்லாரும் வரலாமுன்னு போர்டுல போட்டிருந்துச்சுங்க அம்மணி, இல்லைங்கல. நானும் படிச்சேன். நின்னு படிச்சேன். அந்த எல்லாருமுங்கறது ஆருங்க? அந்தப் பேருல எங்கூட்டுல ஒருத்தருமில்லீங்களே.”

மாவு மில் அக்கா இதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் சொன்னது எனக்கில்லை. மில் வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றிருந்த எங்கள் பாஸ்டருக்கு. எங்கள் பக்கம் ஒருவர் மேல் வருத்தம் என்றால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டோம். பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்லி அவர் காதில் விழவைப்போம். கோபம் ஏற ஏற ‘ங்க’வும் கூடும். அக்கா அன்றைக்குப் போட்ட ‘ங்க’க்களைக் கேட்டுப் பாஸ்டர் பாவம், நல்ல மரியாதையான அம்மா என்று நினைத்துக்கொண்டு நின்றார். அவர் தெற்குக் கோடியிலிருந்து வந்தவர்.

நாங்கள் அந்த வாசலில் வந்து நின்ற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சபை பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. எங்கள் சபைக் கோயிலுக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். மில்லுக்குப் பின்னாலேயே அக்காவின் வீடு. எங்கள் பாஸ்டர் ஓய்வு பெறப் போகிறவர். வருகிற மே மாதம் மூட்டை கட்ட வேண்டும். போவதற்குள் அவருக்கு ஓர் ஆசை. இந்தத் தெருக்காரர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், ஒரே ஒரு தடவை நம் காம்பவுண்டுக்குள் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். “தேவ அன்பு, தேவ அன்புன்னு காலமெல்லாம் மைக்ல சொல்லியாச்சும்மா. ஒரு நாளாவது இலையில போட்டுக் காட்டணும்லா” என்பார்.

போன வருஷம் அறுவடை ஸ்தோத்திரப் பண்டிகை ஆராதனை முடிந்த கையோடு அன்பின் விருந்து என்று ஏற்பாடு செய்தார். கேட்டில் ஒரு போர்டு மாட்டினார். அன்பின் விருந்து, எல்லாரும் வரலாம், அழைப்பு தேவையில்லை, தேவனின் அன்புக்கு எல்லையில்லை. அதையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் போட்டார். எழுத்து அழகாகத்தான் இருந்தது. அதில் ‘அழைப்பு தேவையில்லை’ என்ற வார்த்தைதான் மொத்த விருந்தையும் குப்புறத் தள்ளியது.

எங்கள் ஊரில் அழைப்பு என்றால் அது ஒரு வேலை. வீட்டுக்குள் போக வேண்டும். உட்கார வேண்டும். கொடுக்கிற தண்ணீரைக் குடிக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வந்து ஜோடியாக நின்ற பிறகு, நாமும் எழுந்து நின்று, “குடும்பத்தோட வந்துருங்க” என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் வெளியே போயிருந்தால் இன்னொரு நாள் திரும்பப் போக வேண்டும். பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சொன்னால் அது சேதி. போனில் சொன்னால் அது ஞாபகப்படுத்துவது. போர்டில் எழுதினால் அது போர்டு, அவ்வளவுதான்.

நீங்களெல்லாம் உள்ளூர்தானே, பாஸ்டரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கமிட்டிக்காரர்கள் போய்க் கூப்பிட்டிருப்பார்கள் என்று பெண்கள் நினைத்தோம். பெண்கள் ஒரு சுற்றுப் போயிருப்பார்கள் என்று கமிட்டி நினைத்தது. பிரியாணி மட்டும் யாரையும் நம்பாமல் தன் வேலையைச் செய்தது. அந்த வாசம் போகாத வீடு தெருவில் இல்லை. எல்லாரும் மொட்டை மாடியில் நின்று, காயாத துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டைத் தாண்டிப் போன ஒருவரைப் பாஸ்டர் பிடித்து, “வாங்க, சாப்பிடலாம்” என்றார்.

“இருக்கட்டுங்க, இப்பத்தான் சாப்ட்டேனுங்க.”

அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். காலை பதினோரு மணி. பாஸ்டர் என்னிடம் வந்து, “என்ன ஊரும்மா இது? எப்பப் பாத்தாலும் எல்லாரும் இப்பத்தான் சாப்பிட்டிருக்காங்க” என்றார். தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. நாங்களே தின்று, நாங்களே கட்டிக்கொண்டு போய், மறுநாளும் அந்த அன்பையே சூடு பண்ணிச் சாப்பிட்டோம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு ஆரம்பித்ததும் மில் ஓட ஆரம்பித்தது.

இதற்கு முன் ஞாயிறு காலையில் மில் ஓடி நாங்கள் கேட்டதே இல்லை. அது வார லீவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது பாட்டுக்கு ராகி, ஜெபத்துக்குக் கோதுமை என்று சரியாக நேரம் பார்த்து ஓடியது. பாஸ்டர் அப்போது அன்பைப் பற்றித்தான் வாராவாரம் தொடர்ச்சியாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். “அன்பு...” என்று ஆரம்பிப்பார், கடகடகடவென்று மீதியை மில் சொல்லி முடிக்கும். மைக்கைக் கூட்டினோம். அக்கா இன்னொரு மெஷினையும் போட்டுவிட்டார். பாடகர் குழுவில் சுருதி சேராத ஒரு அண்ணன் இருக்கிறார்; அவர் ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார்.

மிளகாய் அரைத்த ஞாயிறைத்தான் மறக்க முடியாது. அன்றைக்கு எங்களுக்கு விருந்தாளி பிரசங்கி, பெருந்துறையிலிருந்து வந்திருந்தார். அவர் பாவ உணர்வு பற்றிப் பேச ஆரம்பித்த நேரம், பக்கத்தில் குண்டு மிளகாய் விழ ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக நெடி வந்தது. முதலில் பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சினோம். பிறகு ஆண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சபை முழுக்கக் கண்ணீர். எந்தப் பிரசங்கத்துக்கும் அசையாத எங்கள் செயலாளரே குலுங்கிக் குலுங்கித் தும்மினார். பிரசங்கி மேடையிலிருந்து பார்க்கிறார். பாவம், அவர் வாழ்நாளில் இப்படி ஒரு சபையைப் பார்த்ததில்லை. குரல் தழுதழுக்க, “அழுங்கள், அடக்காதீர்கள்” என்று சொல்லி, முடிக்க வேண்டிய பிரசங்கத்தை இன்னும் நீட்டினார். பிறகு அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அது மிளகாயா பரிசுத்த ஆவியானவரா என்று அவரிடம் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. போகும்போது, “உங்கள் சபையில் நல்ல இருதய நொறுங்குதல் இருக்கிறது” என்றார். “ஆமாங்க, பக்கத்துலதான்” என்றார் என் வீட்டுக்காரர்.

செயலாளருக்குப் பொறுக்கவில்லை. வாரநாள் ஜெபக்கூட்டத்தில் எழுந்து, “ஆண்டவரே, அந்தச் சத்தத்தை நீரே அடக்கியருளும்” என்று உருக்கமாக ஜெபித்தார். நாங்களும் ஆமென் போட்டோம். நானும்தான். அந்த வாரமே மில் மோட்டார் கருகிவிட்டது. வாட்ஸ்அப் குரூப் முழுக்கக் கைகூப்பிய படங்கள்.

இதில் ஒரு சங்கடம். என் வீட்டுக்காரருக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது, அதாவது உள்ளே புதுக் கம்பி சுற்றுவது. கருகின மோட்டார் நேராக எங்கள் பட்டறைக்குத்தான் வந்தது.

செயலாளர் பின்னாலேயே வந்தார். “ஏனுங்க, ஆண்டவர் நிறுத்துனதை நீங்க ஓட வெக்கப் போறீங்களா?”

இவர் பழைய கம்பியை உருவிக்கொண்டே இருந்தார். “அவரு நிறுத்தோணும்னு நெனச்சிருந்தா எங்கிட்ட எதுக்குங்க அனுப்பறாரு? இதே ரோட்டுல இன்னும் எத்தனை பேரு காயில் கட்டறாங்க.”

“சரி, கொஞ்சம் மெதுவாவாவது கட்டுங்க. ஈஸ்டர் தாண்டட்டும்.”

“வார்னிஷ் காயறதுக்கு என்ன நேரமோ அந்த நேரமுங்க. அது எந்தச் சபைன்னு பாக்காது.”

செயலாளர் போன பிறகு நான் கேட்டேன், “ஏனுங்க, நாம எல்லாரும் சேந்து ஜெபிச்சு எரிச்சதை நீங்க ஒருத்தர் உக்காந்து சரி பண்றீங்களே, இதுல ஆண்டவர் எந்தப் பக்கமுங்க?”

“அவரு கரண்ட்டு மாதிரி. ரெண்டு பக்கமும்தான் போவாரு. நடுவுல நாமதான் கருகறது” என்றார். இந்த மனுஷன் ஞாயிறு பிரசங்கத்தில் பாதி நேரம் தூங்குகிறவர்.

மோட்டார் தயாரானது பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம். கொண்டுபோய்ப் பொருத்தக் கிளம்பினார். இந்தச் சேதி எப்படியோ பாஸ்டர் காதுக்குப் போய், அவரும் வந்துவிட்டார். ஈஸ்டர் விடியற்காலை ஆராதனைக்கு மட்டும் மில்லை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம் என்பது அவர் எண்ணம். தனியாகப் போகத் தயங்கி என்னையும் கூட்டிக்கொண்டார். பேச்சுக்குப் பஞ்சமில்லாத ஆள் வேண்டுமல்லவா.

நான்தான் ஆரம்பித்தேன். “ஏனுங்கக்கா, விருந்துக்கு வராம விட்டுட்டீங்களே” என்று லேசாகக் கேட்டேன். அதற்குத்தான் அந்தப் போர்டுப் பேச்சு வந்தது. அது அதோடு நிற்கவில்லை.

“ஒறம்பரை, சொந்தபந்தம் மாதிரி ஒரே செவுத்துக்கு அக்கட்டால இக்கட்டால இருக்கறமுங்க. நீங்க பாட்டுப் பாடறப்ப மில்லு ஓடுனா நல்லாருக்காதுன்னு, கல்யாணமாகி இந்த ஊட்டுக்கு வந்ததுலிருந்து ஞாயித்துக்கெழம காலைல நிறுத்திப்போடுவேனுங்க. லீவு நாளு, அன்னிக்குத்தானுங்க கூட்டம் வரும். ஆராச்சும் நிறுத்தச் சொன்னாங்களா? இல்லீங்க. நானாத்தான். சாமி கும்புடறாங்க, இருக்கட்டும்னு. அப்புறம் செவுத்துக்கு அந்தப் பக்கம் அண்டா வெச்சுச் சோறாக்கறீங்க, எட்டி ஒரு வார்த்தை வந்து சொல்லலீங்க. எங்கூட்டுக்காரரு அன்னிக்கு வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டிட்டு உக்காந்திருந்தாருங்க. கூப்புடுவாங்கன்னு. மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்துட்டு, எந்திரிச்சுப் பழைய சோத்தைக் குடிச்சாரு.”

என் வீட்டுக்காரர் போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்த ஸ்பேனர் நின்றுவிட்டது.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் உண்டு. தேவ அன்பு கேட்காமலே வரும், நாம் தகுதியாகும்வரை காத்திருக்காது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். கேட்காமல் வருவது எப்படி இருக்கும் என்று மட்டும் பிடிபடாது. அன்றைக்கு அந்த மில்லில் நின்றபோதுதான், வருஷக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம் என்று தெரிந்தது. அமைதி என்று நினைத்தோம். வார லீவு என்று நினைத்தோம். ஒரு பொம்பளை எழுந்து போய் சுவிட்சை அமுக்கி உண்டாக்கின அமைதி அது. அதற்குள் உட்கார்ந்துகொண்டுதான் அன்பு எங்கே, எங்கே என்று மைக் வைத்துத் தேடியிருக்கிறோம். வெளிச்சம், காற்று, காலையில் கண் திறப்பது, இதெல்லாமும் யாரோ நிறுத்திக் கொடுத்த மில்லோ என்னவோ. நின்றுபோனால்தானே தெரியும்.

அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. எல்லார் மேலும் அன்பு என்பது மழை மாதிரி. நல்லதுதான். ஆனால் மழை இதுவரை யார் வீட்டுக்குள்ளும் வந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து கூப்பிட்டதில்லை. நாங்கள் கும்பிடுகிற ஆண்டவர் வானத்தில் ஒரு போர்டு மாட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லையே. ஒரு வீட்டில் வந்து பிறந்து, தெருத் தெருவாக நடந்து, போகிற வீட்டிலெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டவர். கொங்கு நாட்டுக்காரர்கள் குறை சொல்ல முடியாத முறையில் வந்து கூப்பிட்டவர். அவர் பெயரால் நாங்கள் வைத்த விருந்துக்கு வாட்ஸ்அப் போதும் என்று நினைத்திருக்கிறோம்.

ஈஸ்டர், ஆராதனை, சத்தம் என்று கேட்க வந்த எதையும் பாஸ்டர் கேட்கவில்லை. தெருவில் இருந்த காலையும் எடுத்து மில்லுக்குள் வைத்தார். “அம்மா, வீட்டுக்குள்ள வரலாமா?” என்றார்.

அக்கா முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார். “வாங்க ஃபாதருங்க” என்றார். எங்கள் சபையில் ஃபாதர் கிடையாது, பாஸ்டர்தான். திருத்துவார் என்று பார்த்தேன். திருத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மாவு படிந்த நடையைத் தாண்டிப் பின்னால் வீட்டுக்குள் போனார். நானும் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. சொம்பில் தண்ணீர் வந்தது. அண்ணாந்து குடிக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார். நான் கண்ணைக் காட்டினேன். புரிந்துகொண்டு எழுந்து நின்றார்.

“ஈஸ்டர் அன்னைக்கு மதியம் நம்ம கோயில்ல விருந்தும்மா. நீங்க கட்டாயம்...”

“கொஞ்சம் இருங்க ஃபாதருங்க” என்று அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

பாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. அக்கா பின்கட்டுப் பக்கம் திரும்பி, “ஏனுங்க” என்று குரல் கொடுத்தார். “குளிச்சது போதுமுங்க. கூப்புட வந்திருக்காங்க. சட்டையைப் போட்டுட்டு வாங்க.”

நாங்கள் நின்றோம். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, நின்றது. பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து அவர் ஈரத் தலையோடு, சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்றில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அக்கா அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார். தன் சேலையில் இருந்த மாவைத் தட்டிவிட்டு, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் பக்கத்தில் போய் நின்றார். பிறகு பாஸ்டரைப் பார்த்து, “இப்பச் சொல்லுங்க, மொதல்லிருந்து” என்றார்.