தப்பாக வரையத் தெரிந்தவர்

வியாழக்கிழமை காலை, சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் கீரைக்கட்டும் கையுமாக நின்றபோது கைப்பேசியில் செய்தி வந்தது. "தில்லை மேடம் போயிட்டாங்க." பேராசிரியர் தில்லைநாயகியின் ஆய்வு உதவியாளர் அனுப்பியிருந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு முதலில் அழுகை வரவில்லை. "ஐயோ, ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சிக் கூட்டம் என்ன ஆவது?" என்றுதான் தோன்றியது. கீரைக்காரர் "என்னாச்சு சார்?" என்று கேட்ட பிறகே கண் கலங்கியது. மேடத்தை அறிந்த நீங்கள் இதற்காக என்னைத் திட்டமாட்டீர்கள். அவரும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

நகரத்தைப் பசுமையாக்கும் திட்டங்களை அங்கே வாழ்கிறவர்களோடு சேர்ந்தே வரைய வேண்டும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. காரையும் லாரியையும் குறைத்துப் பேருந்தையும் நடைபாதையையும் கூட்டுவதென்றால், எங்கே வெயில் சுடுகிறது, எங்கே கூரை ஒழுகுகிறது என்பது நடக்கிறவருக்குத்தானே தெரியும்! நான் போக்குவரத்துப் பொறியாளன். அவருக்குப் படம் வரைந்து கொடுப்பது என் வேலை. ஒரு கோடு பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது.

பொங்கோலில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எங்கள் முதல் கூட்டம். அந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் வந்திருந்தன. மூன்று நிறத்தில், அப்பழுக்கில்லாத படம் ஒன்றைக் கொண்டுபோனேன். பார்த்தார்கள், "எல்லாம் ஓகேலா" என்றார்கள், கறிபஃப் தின்றார்கள், போய்விட்டார்கள். மறுவாரம் அதே படத்தை மேடம் விரித்ததும் எனக்குத் தலை சுற்றியது. சந்தையைத் தூக்கி எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் போட்டிருக்கிறார்! கீழே என் பெயர் வேறு.

"என்னா மேடம் இது, மார்க்கெட் அங்கயா இருக்கு? பேனாவ குடுங்க இங்க!" என்று ஓர் அம்மா எழுந்தார். அவ்வளவுதான், ஆளுக்கொரு பேனா. மாலை நாலு மணிக்கு நிழல் இல்லாத திருப்பம், மழைக்கு ஒழுகும் கூரை, முட்டிவலிக்காரர்கள் உட்கார இடம் தேடும் மேடு எல்லாம் ஒரு மணி நேரத்தில் படத்தில் ஏறிவிட்டன. கூட்டம் கலைந்ததும் கத்தினேன். "என் மானத்த வாங்கிட்டீங்களே மேடம்!" அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "செல்வம், சரியான படத்த காட்டினா தலையாட்டுவாங்க. தப்பான படத்த காட்டினாதான் வாயத் திறப்பாங்க." அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.

கிராஞ்சியில் இந்த வித்தை பலிக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே விடுதியில் இருக்கும் தொழிலாளர்கள் வேலைக்கு லாரியில் போய்வருகிறவர்கள். ஞாயிறுதோறும் தேக்காவுக்கு வர அவர்களுக்கு ஒரு நேரடிப் பேருந்து வேண்டும். நிறுத்தத்தை எங்கே வைப்பது? மேடம் அதை ஒரு மீன்குளத்தின் நட்டநடுவில் வரைந்தார். "ஓகே மேடம்" என்றார்கள்! படித்தவரைத் திருத்த அவ்வளவு பயம்.

மேடம் சளைக்கவில்லை. என்னைக் கைகாட்டினார். "இத வரைஞ்சது இந்த சார்தான். எனக்கே இவரு மேல சந்தேகமா இருக்கு." கூடமே சிரித்தது. புதுக்கோட்டைக்காரர் முருகேசன், வெல்டர், மெல்ல எழுந்தார். "கோச்சுக்காதீங்க சார். கொளத்துல பஸ் நிக்காது. பின்வாசல்ல போடுங்க, அங்கதான் மரம் இருக்கு. முன்வாசல் லாரி திரும்புற எடம். ஆள அடிச்சிரும்." எனக்குச் சுரீர் என்றது. ஏனென்றால் என் மேசையில் இருந்த "சரியான" படத்தில் நிறுத்தம் முன்வாசலில்தான் இருந்தது.

அந்த நிறுத்தத்தை முடிவுசெய்யத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். போக்குவரத்துத் துறை அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. பின்வாசல் என்று நான் சொன்னால் அது என் கருத்து; ஏறி இறங்குகிறவர்கள் வாயால் வந்தால்தான் நிற்கும். கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது மேடத்துக்குக் குரல் சரியாக எழும்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழம சரியா வரைஞ்சு கெடுத்துடாதீங்க" என்றார்.

மண்டாய்த் தகனச்சாலையில் அவரை வழியனுப்பிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, விடுதிக்குப் போனேன். எல்லாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். என் வாழ்நாளில் முதல் முறையாக, தெரிந்தே தப்பாக, நிறுத்தத்தை முன்வாசலில் வரைந்தேன். யாரும் பேனா கேட்கவில்லை. அதிகாரியும் தமிழர்தான், "குட், இதையே வெச்சுக்கலாம்" என்று குறிப்பேட்டைத் திறந்தார். போச்சுடா!

"சார்!" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முருகேசன் எழுந்தார். "மேடம் போயி மூணு நாளுதான் ஆவுது. அதுக்குள்ள மறந்துட்டீங்களா? குடுங்க சார் பேனாவ!" என் கையிலிருந்து பிடுங்கியேவிட்டார். அவர் பின்னாலேயே பத்துப் பேர் மேசைக்கு வந்தார்கள். மரம், லாரி, வெயில் என்று ஒரே கூச்சல். அதிகாரி எழுந்து அவர்களுக்கு இடம்விட்டு நின்றார். கேட்டுக் கேட்டு எழுதினார். அடுத்த மாதம் சோதனை ஓட்டம், நிறுத்தம் பின்வாசலில்! விரலெல்லாம் சிவப்பு மையோடு, வியாழக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லார் முன்னாலும் அழுது தீர்த்தேன். பாதி சந்தோஷம், பாதி மேடம் இல்லையே என்ற ஆற்றாமை.

கோடு பிசகாமல் வரைவது எனக்கு முன்பே தெரியும். ஊரறியத் தப்பாக நிற்கும் துணிச்சல்தான் மேடம் எனக்கு விட்டுப்போனது. அதை யாருக்கும் தரமாட்டேன். அவரைப் பழகி அறிந்த நண்பர்களே, அவரைப் பற்றி இதில் எதையாவது நான் தப்பாக எழுதியிருந்தால், தயவுசெய்து தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். பேனாவை எடுங்கள்.