நாலு மணிக் கேட்

யாங்கோனில், பசுந்தாங் பேட்டைப் பருப்புக் கடையில் தராசுக்குப் பின்னால் நின்றாலும் பர்கத்துல்லாவின் மனசு மோரேயில்தான் கிடந்தது. யாங்கோனிலிருந்து மாந்தளே, மொனீவா, களேவா என்று போய்க்கொண்டே இருந்தால் பர்மா முடிகிற இடம் தமு. எல்லைக் கேட்டைத் தாண்டினால் இந்தியாவின் மணிப்பூரில் மோரே.

அறுபதுகளில் பர்மாவை விட்டு வெளியேற்றப்பட்ட தமிழர்கள் கப்பலேறித் தமிழ்நாடு போனார்கள். அங்கே பிழைக்க வழியில்லாமல், பிறந்த மண்ணுக்கே தரைவழியாகத் திரும்பி வந்தவர்களை எல்லையில் தடுத்தார்கள். தடுத்த இடத்திலேயே குடிசை போட்டார்கள். கேட் இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று காத்துக் காத்தே கோயில் கட்டினார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள், சந்தையும் கண்டார்கள். அப்படிக் காத்திருந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவள்தான் பர்கத்துல்லாவின் மனைவி சைதா.

ஒரு காலத்தில் கேட் திறந்தது. காலையில் சீட்டு வாங்கிப் போகலாம். இந்திய நேரம் நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். பாக்கும் பாசிப்பயறும் அந்தப் பக்கம் போகும், ஜீரகமும் சைக்கிள் சாமானும் இந்தப் பக்கம் வரும். பர்கத்துல்லாவின் வாலிபம் முழுக்க அந்த வழியில்தான் போயிற்று. மோரேயின் கடிகாரம் பர்மாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். நாலாயிற்றே என்று அவர் பதறி எழுந்தால், "உங்க கடிகாரத்துலதான் நாலு. எங்க ஊர்ல மூணுதான். உக்காருங்க" என்று மாமியார் வீட்டில் பிடித்து உட்கார வைப்பாள் சைதா.

"பாஸ்போர்ட் எடுத்து வைங்களேன்" என்று யாராவது சொன்னால் பர்கத்துல்லா சிரிப்பார். "மாமியா வீட்டுக்குப் போக பாஸ்போர்ட்டா?"

அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது அழுகிறார். கொரோனா வந்த வருஷம், தன் தம்பி நியாஸ் வீட்டு விசேஷத்துக்கென்று சைதா மகள் ஃபஹீமாவோடு கேட்டைத் தாண்டினாள். ஜீரக மூட்டை ஏற்ற வேண்டியிருந்ததால் இவர் இந்தப் பக்கமே நின்றுவிட்டார். மோரேக்காரிக்கு நாலு மணிக் கணக்கு கிடையாது. "நாலு நாள்ல வந்துருவோம்" என்று கையசைத்துவிட்டுப் போனாள். கேட் சாத்தினார்கள். நோய் போனது, பர்மாவில் உள்நாட்டுச் சண்டை வந்தது. ஒருமுறை பஸ் ஏறிப் பார்த்தார். மொனீவாவிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஆகாய வழியே போகலாமென்றால், பாஸ்போர்ட் கேட்ட இடத்தில் அவருடைய குடியுரிமையே வருஷக்கணக்காக விசாரணையில் இருக்கிறது.

பள்ளிக்கூடப் பெண்ணாகப் போன ஃபஹீமாவுக்கு இப்போது மாப்பிள்ளை பார்த்தாயிற்று. மோரேயில் மருந்துக்கடை வைத்திருக்கும் மாஹிர். மகளை நிக்காஹ் செய்து கொடுக்கும் உரிமை தகப்பனுடையது. வர முடியாத தகப்பன் வேறொருவரை வக்கீலாக வைத்து, தனக்குப் பதிலாகக் கொடுக்கச் சொல்லலாம். பர்கத்துல்லா மாட்டேன் என்றார். "கேட் திறக்கும். நானே வந்து கொடுப்பேன்." அந்தப் பிடிவாதத்தால் நிக்காஹ் இரண்டு முறை தள்ளிப்போயிற்று.

அந்த வாரம் நியாஸ் போன் செய்தான். "மச்சான், இங்க கலவரம், நெலம சரியில்ல. மாஹிர் குடும்பம் சென்னைக்கே போகுது. இந்த வெள்ளிக்கிழமை இல்லைன்னா இந்த சம்பந்தமே இல்ல."

சென்னையா? அப்படியானால் கேட் திறந்தாலும் மகள் அங்கே இருக்க மாட்டாளே! பர்கத்துல்லா போனை வைத்தார்.

அடுத்த கடைத் தேனப்பன் அவரைப் பர்மிய மரியாதையோடு 'ஊ பர்கத்து' என்றுதான் கூப்பிடுவார். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் டீ கிளாஸை நீட்டினார்.

"ஊ பர்கத்து, நீங்க அந்த கேட்டுக்காரனை விட மோசம்யா. அவனாவது நாலு மணி வரைக்கும் தெறந்து வச்சிருந்தான்."

"வாயை மூடும்யா!" என்று சீறினார். டீயைக் குடிக்காமலே கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் ஃபஹீமாவே பேசினாள். "வாப்பா, உங்களுக்கு மனசில்லைன்னா வேணாம். நான் இருந்துக்கறேன்."

அந்தக் குரலில் கோபம் இல்லை, கண்ணீரும் இல்லை. இத்தனை வருஷமாக 'இருந்துக்கறேன்' என்று அவர் சொல்கிற அதே வறண்ட குரல். தான் பெற்ற பூவை, தன்னைப் போலவே காத்துக் கிடக்கப் பழக்கிவிட்டோமே!

"வேணாம்மா. நீ இருக்க வேணாம். மாமாகிட்ட போனைக் கொடு."

வெள்ளிக்கிழமை, மகள் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த புது லுங்கியைக் கட்டிக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்தார். லைன் மோசம், முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. மோரே பள்ளிவாசலில் எல்லோரும் கேட்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "நியாஸ், என் மகள் ஃபஹீமாவை மாஹிருக்கு நிக்காஹ் செஞ்சு கொடுக்க உன்னை என் வக்கீலா வைக்கிறேன்."

சற்று நேரத்தில் நிக்காஹ் முடிந்து துஆ ஓதும் சத்தம் கேட்டது. தேனப்பன் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து, தன் வீட்டுக் கல்யாணம் போலத் தெருவில் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு போனார். பர்கத்துல்லாவின் கையிலிருந்த பழம் கையிலேயே இருந்தது.

போனில் சைதா வந்தாள். அவர் எழுந்து நின்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பழைய பழக்கத்தில் சொன்னார்:

"நாலாயிடுச்சு சைதா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"உங்க கடிகாரத்துலதான் நாலு. இங்க மூணுதான். உக்காருங்க."

அவர் உட்கார்ந்துகொண்டார்.