பொன்னமராவதியில் இருபத்துநான்கு துறவிகள்

பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மாவு மில்லில் மூன்றே நாளில் இருபத்துநான்கு பேர் துறவியானார்கள். மிளகாய் அரைக்க வந்தவர்கள், கேழ்வரகு அரைக்க வந்தவர்கள், சும்மா பேச வந்தவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். அவர்களைத் துறவியாக்கிய இளமதி, மில்லின் பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆளாவது வேறு ஏதாவது ஆக மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள்.

இளமதிக்கு வயது முப்பத்துநான்கு. புதுக்கோட்டையில் தமிழ் படித்தவள். கணவர் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார். மிக்ஸி வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, பிரிக்காமலே பரணுக்குப் போய்விடுமே, அந்தப் புத்தகத்தின் தமிழ்ப் பக்கங்களை எழுதுவதுதான் அவள் பிழைப்பு. ‘ஈரக் கையால் தொடாதீர்கள்’ என்பதை நாற்பது விதமாக எழுதத் தெரியும். அதைப் படித்தேன் என்று இதுவரை ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை.

அப்படியிருக்கையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கேம் கம்பெனி அவளைத் தேடி வந்தது. ‘ஏழுகரைப் பயணம்’ என்று ஒரு விளையாட்டு. விளையாடுகிறவர் ஒரு வழிப்போக்கர் கூட்டத்தோடு ஏழு ஆறுகளைக் கடந்து போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் நீங்கள் யார் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. தொடக்கத்தில் பத்துக் கேள்விகள் வரும். பதில்களைப் பார்த்து, நீங்கள் படைவீரரா, வணிகரா, வைத்தியரா, துறவியா என்று விளையாட்டே சொல்லும். கேள்விகள் ஆங்கிலத்தில் தயாராக இருந்தன. அவற்றைத் தமிழாக்கி, ஊர்க்காரர்கள் முப்பது பேரிடம் கேட்டுப் பார்த்து அனுப்ப வேண்டும்.

இளமதி சம்மதித்ததற்குக் காரணம் அவள் தம்பி அருள்மணி.

அருள்மணி பதினேழு வயதில் இதே மாதிரி ஒரு விளையாட்டை விளையாடினான். வாள் வேண்டும், குதிரை வேண்டும் என்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தவனிடம் அது ஏழெட்டுக் கேள்வி கேட்டுவிட்டு, நீ வைத்தியன் என்று சொல்லிவிட்டது. கையில் ஒரு மூலிகைப் பை. அவ்வளவுதான். ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. “நானா வைத்தியன்? எனக்கு ரத்தத்தப் பாத்தாலே மயக்கம் வரும்” என்றான். இரண்டாவது வாரம் போனால் போகிறதென்று விளையாடினான். மூன்றாவது மாதம் பைக்கின் பக்கப் பெட்டியில் பிளாஸ்திரியும் பஞ்சும் வைத்துக்கொண்டு திரிய ஆரம்பித்தான். கபடி மைதானத்தில் எவன் முட்டி தேய்ந்தாலும் அருள்மணியைத்தான் கூப்பிடுவார்கள். ‘வைத்தியரே’ என்ற பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. சென்ற ஆடியில் மஞ்சள் காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்தான். இருபத்தொன்பது வயது.

படங்களைக் காட்டி, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று விட்டிருந்தால் அவன் வாளைத்தான் எடுத்திருப்பான் என்பது இளமதிக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் இந்தப் பத்துக் கேள்விகள் நன்றாக வர வேண்டும் என்பதில் அவள் குறியாக இருந்தாள்.

மில்லைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அதை நடத்துகிற செவந்தி அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள். தவிர, டின்னை வரிசையில் வைத்துவிட்டு முறைக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு வேறு வேலை கிடையாது.

முதலில் மாட்டியவர் ராஜலட்சுமி. வரிசையில் தன் டின்னுக்கு முன்னால் எவர் டின்னாவது அரை அடி நகர்ந்தால் தெருவே கேட்கிற மாதிரி நியாயம் கேட்கிறவர்.

“சித்தி, கண்ண மூடி நெனச்சுக்கங்க. நாள் முழுக்க நடந்து வந்திருக்கீங்க. நல்ல பசி. ஒரு வீட்டு வாசல்ல நிக்கிறீங்க. அந்த வீட்டுக்காரி சோறு கொண்டாந்து நீட்டுறா. என்ன செய்வீங்க? வாங்கிச் சாப்பிடுவீங்களா, பாதியக் கட்டி வச்சுக்குவீங்களா, வெல கேப்பீங்களா, வேணாம்னு சொல்லுவீங்களா?”

“வேணாம்னுதான் சொல்லுவேன். நாம என்ன சோத்துக்கு அலையிறவுகளா?”

பிறகு ஊர்த்தலைவர் பரிசாகப் பட்டுத் துணி கொடுத்தார். ராஜலட்சுமி வேண்டாம் என்றார். கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். “வேற பெரியவுக யாராச்சும் இருந்தா பாத்துக்கட்டும்” என்றார். ஆற்றங்கரையில் படகுக்காரன் நல்ல இடத்தில் உட்காரச் சொன்னான். “பரவால்ல, இங்கிட்டே நின்னுக்கிறேன்.”

லேப்டாப் ஒரு நொடி யோசித்துவிட்டுத் திருவோட்டோடு ஒரு படத்தைக் காட்டியது. துறவி.

செவந்தி சிரித்த சிரிப்பில் பெல்ட் சத்தமே கேட்கவில்லை.

அடுத்து மதுரைவீரன். இரண்டு லாரி, நான்கு மாடு, வீட்டில் ஏ.சி. அவரும் துறவி. “ஏம்மா, மூணு பொம்பளப் புள்ளயக் கட்டிக் குடுத்து, நாலாவதுக்கு மாப்புள பாத்துக்கிட்டு இருக்கேன். என்னயப் போயிச் சாமியார்ங்குது ஒன் பொட்டி?”

“பொட்டி நீங்க சொன்னதத்தான் மாமா சொல்லுது.”

“அப்ப பொட்டிய மாத்து.”

மூன்றாம் நாள் மாலை முப்பது பேர் முடிந்தார்கள். வணிகர் மூவர், படைவீரர் இருவர், வைத்தியர் ஒருவர். மிச்சம் இருபத்துநான்கு பேரும் காவி.

கோயம்புத்தூரிலிருந்து ஷர்லி கூப்பிட்டாள். விளையாட்டின் பொறுப்பு முழுவதும் அவள் கையில்.

“இளமதி, நீங்க கேள்வி கேட்டது ஊர்லயா, மடத்துலயா?”

“ஊர்லதாங்க.”

“இங்கிலீஷ் கேள்விய இங்க நூறு பேர்கிட்ட கேட்டோம். நாலு பக்கமும் சரியாப் பிரிஞ்சுது. தமிழ்ல மட்டும் எல்லாரும் சந்நியாசம் வாங்குறாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம். சரியாகலைன்னா தமிழ்ல கேள்வியையே எடுத்துடறோம். நாலு படத்தப் போட்டு, பிடிச்சத எடுத்துக்கங்கன்னு விட்டுடலாம்.”

அன்று திங்கட்கிழமை. நாலு படம் என்றதும் இளமதிக்கு வாளும் குதிரையும்தான் கண்ணில் வந்தன.

ஊர்க்காரர்கள் நல்ல பேர் வாங்குவதற்காகப் பொய் சொல்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டினாள். அதுதான் அவள் செய்த தப்பு. செவ்வாய்க்கிழமை கேள்விகளுக்கு முன்னால் ஒரு வரி சேர்த்தாள்: ‘உங்களை நல்லவராகக் காட்டிக்கொள்ள வேண்டாம். மனத்தில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள்.’ அந்த வரியை வாசித்துக் காட்டியதும் ராஜலட்சுமி கையில் இருந்த டின்னைக் கீழே வைத்தார்.

“அப்ப நேத்துவரைக்கும் நாங்க பொய்யா சொன்னோம்?”

“அப்படியில்ல சித்தி...”

“எந்த வீட்டு வாசல்லயாச்சும் நீட்டுனவுடனே கை நீட்டுனவ இந்த ராஜலட்சுமின்னு ஒரு ஆளச் சொல்லச் சொல்லு பாப்போம்.” அன்று அவர் அரைக்காமலே போய்விட்டார். போகிற போக்கில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். செவந்திக்கு ஆறு கிலோ மல்லி நஷ்டம்.

புதன்கிழமை இளமதி லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. மில்லில் மூலையில் உட்கார்ந்து பெல்ட் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவந்தி இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தாள்.

“இந்தா.”

“வேணாண்டி. இப்பத்தான் குடிச்சேன்.”

“எப்ப?”

“காலையில.”

“மணி நாலாவுது. சும்மா குடி.”

இளமதி வாங்கிக் குடித்தாள். சூடும் சர்க்கரையும் சரியாக இருந்தன. பாதி டம்ளரில் அவள் நிறுத்தினாள்.

“செவந்தி, இப்ப நான் என்ன சொன்னேன்?”

“என்ன சொன்ன?”

“நீ நீட்டுனதும் நான் என்ன சொன்னேன்?”

“வேணாம்ன. எப்பவும் அதத்தான சொல்லுவ. அருள்மணி சாவுக்கு நான் இட்லி கொண்டாந்தப்பவும் அதான் சொன்ன. நான் திரும்பிப் போயிருந்தா, மூணு நாளு பட்டினி கெடந்திருப்ப.”

இளமதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேள்விகளைத் திறந்தாள். பத்தில் நான்கு கேள்விகளில் யாரோ எதையோ கொடுக்கிறார்கள். சோறு, பட்டு, தலைமை, படகில் இடம். நான்கிலும் ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டுப் பதிலைக் குறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த ஊரில் கொடுக்கிறவர்கள் அப்படிப் போவதுண்டா? முதல் தடவை கேட்பது வீட்டுக்காரியின் மரியாதை. வேண்டாம் என்பது விருந்தாளியின் மரியாதை. அதற்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. பாவம் ராஜலட்சுமி, முறையாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். பாதியில் எழுந்து போனது விளையாட்டுத்தான்.

“ஒருத்தர்ட்ட எத்தன தடவடி கேக்கணும்?” என்றாள்.

“ரெண்டு தடவ. ரெண்டாந்தடவயும் வேணாம்னா நெசமாவே வேணாம்னு அர்த்தம்.”

“மூணாந்தடவ?”

“மூணாந்தடவ எலையில வச்சுட்டுத்தான் கேக்குறது.”

அன்று மாலைக்குள் இளமதி நான்கு கேள்விகளையும் திருத்தினாள். வேண்டாம் என்று பதில் வந்தால் அதற்கு மதிப்பெண் கிடையாது. வீட்டுக்காரி உள்ளே போக மாட்டாள். “அட, சும்மா சாப்புடுங்க. வெறும் வயித்தோட போனா எனக்கு மனசு கேக்காது” என்பாள். பதில்கள் மறுபடியும் வரும். அந்த இரண்டாவது பதிலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை அவள் முதலில் போனது ராஜலட்சுமி வீட்டுக்கு. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் இன்னும் கோபப்பட்டிருப்பார். செவந்தி புதிதாக அரைத்துக் கொடுத்திருந்த அரை கிலோ சாம்பார்ப் பொடியை இளமதி அவரிடம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்றார். மறுபடி நீட்டினாள். வாங்கிக்கொண்டார். பிறகு இருவருமாக மில்லுக்கு நடந்தார்கள்.

“வீட்டுக்காரி சோறு நீட்டுறா சித்தி.”

“வேணாம்.”

“அட, சும்மா சாப்புடுங்க. வெறும் வயித்தோட போனா எனக்கு மனசு கேக்காது.”

ராஜலட்சுமி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இம்புட்டுச் சொல்றா, எப்புடி மறுக்கிறது? பாதியச் சாப்புட்டு, பாதியக் கட்டிக்கிறேன். கூட வர்றவுகளுக்கும் பசிக்கும்ல.”

தலைமை தாங்கும் கேள்வியில் இரண்டாவது தடவை கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எல்லாரும் சொல்றீக. செஞ்சுதான தீரணும்? ஆனா வரிசையில ஒருத்தரும் முண்டக் கூடாது.” லேப்டாப் அவருக்கு வாள் கொடுத்தது. படைவீரர். மில்லில் இருந்த ஒருவருக்கும் அதில் ஆச்சரியமில்லை.

மதுரைவீரன் வணிகரானார். “இப்பத்தான் பொட்டிக்குப் புத்தி வந்திருக்கு” என்றார். மெய்யான துறவிகளும் கிடைத்தார்கள். தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் இரண்டு தடவையும் நிதானமாக வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை கேட்டுப் பார்க்கக்கூட இளமதிக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் முப்பது பேர் முடிந்தார்கள். வணிகர் பதினொன்று, படைவீரர் எட்டு, துறவி ஏழு, வைத்தியர் நான்கு. எந்த ஊரிலும் வைத்தியர்தான் குறைச்சல்.

ஷர்லி மூன்று மணிக்குக் கூப்பிட்டாள். திருத்திய கேள்விகளை அவளே இரண்டு தடவை விளையாடிப் பார்த்திருந்தாள். “கேள்வி இருக்கட்டும் இளமதி. எடுக்கல. அந்த வீட்டுக்காரி ரெண்டாவது தடவ கேக்குறது எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எங்க அம்மா ஞாபகம் வந்துடுச்சு எனக்கு.”

இளமதி மூச்சை விட்டாள். மில்லில் நின்றுகொண்டே செவந்தியைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாள்.

“இன்னொண்ணு,” என்றாள் ஷர்லி. “வைத்தியரோட கதைய இன்னும் யாரும் எழுதல. ஏழு கரைக்கும் எழுதணும். பேச்சு, நோயாளிங்க, எல்லாம். நீங்க எழுதுறீங்களா?”

“ஐயோ, எனக்கு அதெல்லாம் வராதுங்க. நான் மிக்ஸிக்கு எழுதுறவ. வேற நல்லா எழுதுறவங்களாப் பாத்துக் குடுங்க.”

இதற்கு முன்னால் இந்த மாதிரிச் சமயங்களில் ஷர்லி ‘ஓகே, பரவால்ல’ என்று சொல்லி வைத்துவிடுவாள். இந்தத் தடவை அவள் வைக்கவில்லை. 

“சரி,” என்றாள் ஷர்லி. “ரெண்டாவது தடவ கேக்குறேன். எழுதுறீங்களா?”

பெல்ட் நின்றிருந்தது. செவந்தி மாவுப் பையின் வாயைக் கட்டிக்கொண்டே இவளைப் பார்த்தாள்.

“எழுதுறேன்,” என்றாள் இளமதி.

“சூப்பர். முதல்ல ஒண்ணு மட்டும் இப்பவே வேணும். படம் வரையிறவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. ஆரம்பத்துல வைத்தியர் பையில என்னென்ன இருக்கும்?”

அதற்கு அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அருள்மணியின் பைக் இன்னும் வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. பக்கப் பெட்டியை அவள் திறந்து பார்த்திருக்கிறாள்.

“எழுதிக்கங்க,” என்றாள். “பஞ்சு. கட்டுப்போடக் கிழிச்ச பழைய வேட்டித் துணி. மஞ்சக் களிம்பு. மொன ஒடஞ்ச சின்னக் கத்தரிக்கோல். அழுவுற பிள்ளைங்களுக்குக் குடுக்கப் புளிப்பு மிட்டாய்.”

“மிட்டாயா?”

“ஆமாங்க. ஒரு ஆறேழு போடுங்க. ரத்தத்தப் பாத்து மயக்கம் வந்தா, வைத்தியரும் ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்குவாரு.”